சிலேட்டு பத்தவில்லை

எனக்கு வயது எழுபத்தெட்டு. பெற்றது ஏழு, வளர்த்தது ஒன்பது. ஒன்றும் சோடை போகவில்லை. ஆனால் பள்ளிக்கூடத்தில் நிலைக்க வைக்க நான் பாடுபட்டது மூன்றாமவளுக்குத்தான்.

அப்போது பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். அவள் நடந்தால் வாளி உருளும். பித்தான் போட்டு முடிப்பதற்குள் பள்ளி மணி அடித்துவிடும். வாய்ப்பாடு கேட்டால் மடமடவென்று ஒப்பிப்பாள். எழுதச் சொன்னால் சிலேட்டு ஒரு பக்கம் ஓடும், குச்சி ஒடியும்.

ஒருநாள் வாத்தியார் வீட்டுக்கே வந்தார். "உங்க பொண்ணுக்கு எழுத்து கை வரலம்மா" என்றார். இன்ஸ்பெக்டர் துரை வரும்போது பெயரையாவது எழுதிக் காட்டாவிட்டால் பள்ளியை விட்டு நிறுத்த வேண்டியதுதான் என்றார். பின்னால் நின்ற என் கடைக்குட்டி, அக்காவின் கை எங்கே போயிருக்கிறது, எப்போது வரும் என்று அன்றெல்லாம் குடைந்தான்.

வராத கையை வரவழைக்க வேண்டுமே. ஜெஞ்சாரோம் தோட்டத்தில் மரம் சீவும் என் கொழுந்தன், ஒழுகும் வாளியை அடைக்க ஒட்டுப்பால் கொண்டுவந்திருந்தார். மரத்தில் உறைந்த ரப்பர் அது. செத்த எலி தேவலாம் என்கிற நாற்றம். அதைக் குச்சியில் தடிமனாகச் சுற்றினேன். பிடி கிடைத்தது. சிலேட்டுக்கு அடியிலும் அப்பினேன்.

துரை வந்த அன்று, கீரை வாங்கப் போகிறவள் போலப் பள்ளி ஜன்னலோரம் நின்றேன். துரை மூக்கில் கைக்குட்டையோடுதான் உள்ளே வந்தார். என் மகள் உதட்டைக் கடித்துக்கொண்டு எழுதினாள். எடுத்துப் பார்க்கத் துரை சிலேட்டைத் தூக்கினார். மேசையும் கூடவே எழுந்தது. வேறு வழியில்லாமல் குனிந்து பார்த்தார். பூசணிக்காய் அளவில் இரண்டே எழுத்து. மீதிப் பெயர் எங்கே என்று புத்தகத் தமிழில் கேட்டார்.

"சிலேட்டு பத்தல தொரை."

துரை கைக்குட்டைக்குள் சிரித்தார். சாக்குக்கட்டியைக் கொடுத்துக் கரும்பலகையைக் காட்டினார். அங்கே மீதியை எழுதி, கடைசி எழுத்தின் காலைச் சுவரில் இறக்கினாள். இவளை நிறுத்த வேண்டாம், தினமும் பெரிதாகவே எழுதட்டும் என்று வாத்தியாரிடம் சொல்லிவிட்டுக் காற்றுக்கு வெளியே ஓடினார். ஒட்டுப்பாலை வாத்தியார் எடுக்கச் சொல்லவில்லை. வகுப்பில் சாம்பிராணி போட்டுக்கொண்டார்.

எனக்கு எழுத்து சொல்லித் தந்தவளும் அவள்தான். அதனால்தான் என் எழுத்தும் பூசணிக்காய், தாள் தீரப்போகிறது. பேத்தி, இங்கே வா. இதைப் படித்துக் காட்டு. அடுப்படியில் இருக்கும் உன் அம்மா காதில் விழும்படி படி.