பிரிக்காத பெயர்ப்பட்டை

ராணுவ முகாமின் இரண்டாவது வாசலில் இருந்து சாலையைக் குறுக்கே கடந்தால் இருபத்தொன்பது தப்படியில் ஒரு தையல் கடை. பத்தடிக்கு எட்டடி. இரண்டு தையல் இயந்திரங்கள், ஒரு வெட்டு மேசை, ஐந்து பேர் நெருக்கி உட்காரக்கூடிய ஒரு பெஞ்சு. வாசலுக்கு மேல் பலகை ஒன்று தொங்குகிறது, ஆனால் அதைப் படித்து வழி கண்டுபிடித்து வந்தவர் யாரும் இல்லை. கேட்டால் எல்லோரும் பட்டன் அக்கா கடை என்றுதான் கை காட்டுவார்கள்.

அக்காவுக்கு வயது ஐம்பத்திரண்டு. முகாமோடு ஒப்பந்தம் செய்து பத்தொன்பது வருடம் ஆகியிருந்தது. புதிதாகச் சேர்ந்த சிப்பாய்களுக்குச் சட்டையைப் பிடித்துத் தைப்பதும், சாப்பாடு உடம்பில் ஒட்டிய பிறகு அதே சட்டையைத் தளர்த்தி விடுவதும் அவளே. வலது மார்பில் பெயர்ப்பட்டை, இடது தோளில் படைப்பிரிவின் சின்னம், அங்குலத்துக்குப் பன்னிரண்டு தையல். அளவெடுத்த ஒவ்வொருவருக்கும் அவளுடைய நோட்டில் ஒரு பக்கம் உண்டு.

பட்டன் அக்கா என்ற பெயர் ஒரு தகர டப்பாவால் வந்தது. வியாழக்கிழமை மாலை மூன்று மணிக்கு அவள் இயந்திரங்களை மூடிவிடுவாள். அப்போது பெஞ்சில் வந்து உட்காருகிறவர்களுக்கு ஒரு பொது விஷயம் உண்டு. அவர்கள் வீட்டுச் சிப்பாய் தற்கொலை செய்துகொண்டவர். முதல்முறை வருகிறவர்களுக்குக் கை எங்கே வைப்பது என்று தெரியாது. அக்கா டப்பாவை அவர்கள் மடியில் கவிழ்ப்பாள். "நாலு துளை ஒரு பக்கம், ரெண்டு துளை ஒரு பக்கம். பொறுக்கிப் போடுங்க." பேச்சு வந்தால் வரட்டும், வராவிட்டால் பட்டன் இருக்கிறது. எல்லோரும் போன பிறகு அவள் மறுபடி எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிக் கலக்கி வைப்பாள்.

"ஏழு வருஷமா இதே பட்டன். இன்னும் முடியலையா உனக்கு?" என்று சலவைக்கார அம்மா மட்டும் வாரந்தவறாமல் கேட்பார். அவருடைய மகன் இறந்து பதின்மூன்று வருடம்.

பெஞ்சில் ஒரு கட்டுப்பாடு உண்டு. யாரும் "ஏன்" என்று கேட்கக் கூடாது. ஊரே அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறது, பெஞ்சுமா கேட்க வேண்டும்? இங்கே, பையன் எப்படிச் சிரிப்பான், எதற்குச் சண்டை போடுவான் என்றுதான் கேட்பார்கள்.

இதெல்லாம் அக்கா எங்கேயும் போய்ப் படித்துக்கொண்டு வந்ததல்ல. அவளுடைய கணவர் அதே முகாமில் லாரி ஓட்டுநர். பதினொரு வருடத்துக்கு முன்பு அவரும் அப்படித்தான் போனார். ஒன்பதாம் நாள் அவருடைய சீருடையைக் காக்கிக் காகிதத்தில் சுற்றி வீட்டுக்கு அனுப்பினார்கள். பிரித்துப் பார்த்தால் சட்டையில் பெயர்ப்பட்டையும் இல்லை, சின்னமும் இல்லை. பிளேடால் அறுத்து எடுத்ததில் துணி இரண்டு இடத்தில் கிழிந்திருந்தது. "எந்தக் கடன்காரன் கைய வெச்சான்? தையல் பிரிக்கத் தெரியாதவன்கிட்டயா குடுப்பாங்க?" என்றுதான் முதலில் கத்தினாள். துக்கத்துக்கு வந்தவர்கள் அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அதன் பிறகுதான் உற்றுப் பார்த்தாள். வெயிலில் சட்டை முழுதும் வெளுத்திருந்தது. பட்டை இருந்த இடம் மட்டும் வெளுக்காமல், புதுத்துணியின் கரும்பச்சையில், ஒரு நீள்சதுரமாக நின்றது. அதே நீள்சதுரத்தை அவள் அதற்கு முன் நான்கு முறை பார்த்திருந்தாள். முகாமின் துணிக் கிடங்கில் இருந்து சட்டையோடு ஒரு சீட்டு வரும். "பெயர், சின்னம் நீக்கவும்." வேறு ஆளுக்குக் கொடுக்கப்போகிறார்கள் போல என்று நினைத்து, சின்னக் கத்தரியால் ஒரு இழை சிதறாமல் பிரித்துக் கொடுத்திருந்தாள். யாருடையது, எங்கே போகிறது என்று கேட்டதில்லை.

"இனிமே இந்த வேலை என் கடைக்கு வரக் கூடாது" என்று கிடங்குக்காரரிடம் அன்றே சொல்லிவிட்டாள். அவரும் தலையாட்டிவிட்டுச் சந்தைத் தையல்காரரிடம் அனுப்பினார். பதினொரு வருடம் அப்படியே ஓடியது. அவள் கை சுத்தமாக இருந்தது. பிரிக்கிற வேலை மட்டும் நிற்கவில்லை.

பிறகு சந்தைத் தையல்காரர் கடையை மூடினார். ஒரு திங்கட்கிழமை காலை கிடங்குக்காரரே ஒரு சீருடையைத் தூக்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்தார்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. வேற ஆள் இல்ல."

அவள் சட்டையைத் தொடவில்லை. கால்சட்டையின் கீழ்மடிப்பைத் திருப்பினாள். இரண்டு விரல் இறக்கி விட்ட தையல், அவள் போட்டது. நோட்டை எடுத்துப் பக்கம் நாற்பத்தொன்றைப் பிரித்தாள். இடுப்பு முப்பத்திரண்டு, நீளம் நாற்பத்தைந்து. ஓரத்தில் "நெட்டை" என்று அவள் கையெழுத்து. "அக்கா, இன்னும் ரெண்டு விரல் இறக்குங்க, இல்லன்னா கொக்கு மாதிரி இருக்கேன்" என்று நின்ற பையன். இறந்து மூன்று வாரம்.

அவனுடைய அப்பா முந்தின வியாழக்கிழமைதான் முதல்முறை பெஞ்சுக்கு வந்திருந்தார். ஓய்வுபெற்ற பேருந்து நடத்துனர். பட்டனைப் பொறுக்கிக்கொண்டே, "என் பையனுக்கு மாரடைப்பு" என்றார். பெஞ்சில் இருந்தவர்களுக்கு விஷயம் தெரியும், ஆனால் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. எழுந்து போகும்போது, "அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை யூனிஃபார்ம் தர்றாங்களாம்மா. அவன் ரூம்ல மாட்டணும். உள்ள வர்றவங்களுக்குப் பேர் தெரியணும்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"நான் பிரிக்க மாட்டேன்" என்றாள் அக்கா.

"வழக்கம் அது. நானா வெச்சேன்?"

"வழக்கம்னா யாரோ எழுதியிருக்கணும்ல? எழுதினதக் கொண்டாங்க. படிச்சிட்டுப் பிரிக்கறேன்."

கிடங்குக்காரருக்கு ஓய்வுபெற எட்டு மாதம் இருந்தது. வம்பு வேண்டாம் என்று நினைக்கிற மனிதர், ஆனால் கெட்டவர் அல்ல. அடுத்த நாள் ஒரு படிவத்தைக் கொண்டுவந்து விரித்தார். சீருடை திரும்ப வரும்போது கிடங்கில் நிரப்புகிற படிவம். "காரணம்" என்ற தலைப்பின் கீழ் இரண்டே கட்டங்கள். ஒன்று, கடமையில் மரணம். மற்றது, குற்றத்துக்காக நீக்கம். இரண்டாவது கட்டத்துக்குக் கீழே பொடி எழுத்தில், பெயரும் சின்னமும் எடுக்கப்பட வேண்டும் என்று இருந்தது.

அக்கா கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிக்கொண்டு மூன்று முறை படித்தாள்.

"தற்கொலைக்குக் கட்டம் எங்க?"

"இல்லக்கா."

"அதனால?"

"முதல் கட்டத்துல மேல ஒத்துக்க மாட்டாங்க. அதனால ரெண்டாவதுல டிக் பண்ணுவோம். எனக்கு முன்னாடி இருந்தவரும் அப்படித்தான். அவருக்கு முன்னாடி இருந்தவரும்."

"ஆக, எந்த மகராசனும் இப்படிச் செய்னு சொல்லல. காகிதத்துல இடம் பத்தலன்னு இத்தன பேரைத் திருடன் கூட சேர்த்துட்டீங்க."

கிடங்குக்காரர் தரையைப் பார்த்தார். "யாரும் இதுவரைக்கும் கேட்கலையே" என்று முனகினார்.

"நானும்தான் கேட்கல" என்றாள் அக்கா.

புதன்கிழமை பதினொரு மணிக்கு அவள் முகாம் அலுவலகத்தில் இருந்தாள். அதிகாரி சின்ன வயது, மரியாதை தெரிந்தவர். நாற்காலி போடச் சொன்னார். படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நீங்க சொல்றது நியாயம்தாம்மா. மேலிடத்துக்கு எழுதறேன். பதில் வர்றவரைக்கும் நடைமுறை நடைமுறைதான்."

"பதில் எப்ப வரும் சார்?"

"அத எப்படிச் சொல்ல முடியும்?"

"அப்ப வெள்ளிக்கிழமைக்கு வராது."

அவர் பேனாவை மேசையில் தட்டினார். "உங்க ஒப்பந்தம் அடுத்த மாசம் புதுப்பிக்கணும், இல்லையா?" மிரட்டலாகச் சொல்லவில்லை, ஞாபகப்படுத்துவது போலத்தான் சொன்னார். ஆனால் மிரட்டல்தான்.

அக்கா எழுந்து முந்தானையைச் சரிசெய்தாள். "புதுப்பிக்காதீங்க சார். ஒப்பந்தம் உங்களுது, கத்தரி என்னுது. யூனிஃபார்ம் வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வரும். பட்டையோட வரும்."

வீறாப்பாகப் பேசிவிட்டு வந்தாளே தவிர, வியாழக்கிழமை மூன்று மணி ஆனதும் அவளுக்கு நாக்கு எழவில்லை. அதிகாரியிடம் பேசுவது எளிது. இந்தப் பெஞ்சிடம் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. அதை அவள் ஏழு வருடமாக மென்று விழுங்கிக்கொண்டிருந்தாள். அவள் பிரித்த நான்கு சட்டைகளில் மூன்றாவது யாருடையது என்று தேதியை வைத்து எப்போதோ கண்டுபிடித்துவிட்டாள்.

அன்று பெஞ்சில் நான்கு பேர். நடத்துனர் ஓரத்தில் பட்டன் பொறுக்கிக்கொண்டிருந்தார். படிவத்தைப் பற்றியும் இரண்டு கட்டங்களைப் பற்றியும், மறுநாள் பட்டையோடு கொடுக்கப்போவதையும் அக்கா சொன்னாள். அதன் பிறகு சலவைக்கார அம்மாவின் முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

"அம்மா. உங்க பையன் சட்டைல பேரைப் பிரிச்சது நான்தான். அப்ப எனக்குத் தெரியாது. தெரிஞ்ச பிறகும் சொல்லல."

சலவைக்கார அம்மா கையில் இருந்த பட்டனை நான்கு துளைக் குவியலில் போட்டார். இன்னொன்றை எடுத்தார். அதையும் போட்டார்.

"நாப்பது வருஷம் ஊரார் துணி துவைச்சவ நான்" என்றார் கடைசியில். "நூலைப் பார்த்தா கை தெரியும். ஒரு இழை சிதறாமப் பிரிச்சிருந்துச்சு. எவளோ பொறுமையா உட்கார்ந்து பிரிச்சிருக்கான்னு அன்னிக்கே நெனச்சேன்." டப்பாவை ஓரமாகத் தள்ளினார். "உன்னைத் திட்டணும்தான். வாய் நிறைய திட்டணும். அதுக்கு இன்னொரு வியாழக்கிழமை வெச்சுக்கறேன். நாளைக்கு எத்தன மணிக்குன்ன?"

"பத்து."

"நானும் வர்றேன்."

நடத்துனர் எழுந்தார். மடியில் இருந்த பட்டன்கள் தரையில் உருண்டன. அவர் குனிந்து பொறுக்கவில்லை. வாசலில் நின்று, "நீக்கமா?" என்று மட்டும் கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார்.

அவர் வருவாரா மாட்டாரா என்று அக்காவுக்குத் தெரியாது. ஆனாலும் வெள்ளிக்கிழமை காலை சட்டையைத் தேய்த்து மடித்தாள், பெயர் மேலே தெரியும்படி. சலவைக்கார அம்மா துணிப்பை ஒன்றை இடுக்கிக்கொண்டு வந்தார். மற்ற இருவரும் வந்தார்கள். பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது நடத்துனரும் வந்தார். தலையைப் படிய வாரி, பழைய வேலைச்சட்டையை இஸ்திரி போட்டு, பையில் பேனா செருகியிருந்தார்.

கிடங்கின் கவுண்டரில் கிடங்குக்காரர். அவருக்குப் பின்னால் அதிகாரி. அக்கா சீருடையைக் கவுண்டரில் வைத்தாள். அதிகாரியின் கண் பட்டைக்குப் போய் அவளிடம் வந்தது. எதிரே ஐந்து பேர் நின்றார்கள். கிடங்குக்காரர் படிவத்தை நடத்துனர் பக்கம் நகர்த்தினார். இரண்டாவது கட்டத்தில் டிக் ஏற்கனவே போட்டிருந்தது.

"இங்க ஒரு கையெழுத்து, ஐயா" என்றார் கிடங்குக்காரர்.

நடத்துனர் முதல் வரியில் இருந்து படித்தார். முப்பத்து நான்கு வருடம் டிக்கெட் கிழித்தவர், காகிதத்தைப் படிக்காமல் கை மாற்றுகிற பழக்கம் அவருக்கு இல்லை. படித்து முடித்ததும் பேனாவை எடுத்து இரண்டாவது கட்டத்தின் மேல் ஒரே கோடாக அடித்தார்.

"ஐயா, அதுல திருத்தக் கூடாது" என்றார் அதிகாரி.

"தப்பா டிக்கெட் கிழிச்சா அடிச்சிட்டு வேற கிழிக்கணும் தம்பி. இல்லன்னா பயணி இறங்கிப் போற வரைக்கும் தப்பு அவர் கைலயே இருக்கும்." பேனாவை மூடாமலே அவர் தொடர்ந்தார். "என் பையன் தற்கொலை பண்ணிக்கிட்டான். மூணு வாரமா ஊர் பூரா மாரடைப்புன்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன். இன்னியோட சரி. அவன் தற்கொலை பண்ணிக்கிட்டான். பதினோரு வருஷம் ஒரு நாள் தப்பாம இங்க வேலையும் பார்த்தான். ரெண்டையும் எழுதறேன்."

இரண்டு கட்டங்களுக்குக் கீழே, ஓரத்தில், அடிக்கோல் வைத்தது போல நேராக மூன்றாவதாக ஒரு கட்டம் வரைந்தார். பக்கத்தில் எழுதினார்: பணியில் இருந்தபோது தற்கொலையால் மரணம். குற்றம் எதுவும் இல்லை. டிக் போட்டார். பிறகுதான் கையெழுத்து.

கிடங்குக்காரர் அதிகாரியைத் திரும்பிப் பார்க்கவில்லை. முத்திரையை மையில் ஒற்றி, அந்தக் கட்டத்துக்குப் பக்கத்திலேயே, கவுண்டர் அதிரக் குத்தினார். அதிகாரி சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் தடுக்கவில்லை.

அடுத்த மாதம் அக்காவின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. இப்போது அவள் பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறாள். மேலிடத்தில் இருந்து பதில் வரவில்லை, படிவம் இன்னும் இரண்டு கட்டத்தோடுதான் அச்சாகிறது. மூன்றாவதைக் குடும்பங்களே பேனாவால் வரைகிறார்கள். இதுவரை ஆறு குடும்பம்.

அந்த வெள்ளிக்கிழமை கடைக்குத் திரும்பியதும் சலவைக்கார அம்மா துணிப்பையை மேசையில் வைத்து ஒரு பழைய சட்டையை எடுத்து விரித்தார். பதின்மூன்று வருடம் ஆகியும் மார்பில் அந்தக் கரும்பச்சை நீள்சதுரம் அப்படியே இருந்தது.

"ஒரு தடவை கூட இதை நான் துவைக்கல" என்றார். "பிரிச்சவளே தைச்சுக் குடு."

அக்கா அளவு நாடாவை வைத்துப் பார்த்தாள். நீளம் ஐந்து அங்குலம், அகலம் ஒன்று. பக்கத்தில் நடத்துனர் தரையில் குனிந்து, முந்தின நாள் சிதறிய பட்டன்களைத் தேடிப் பொறுக்கி டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தார். ஊசியில் நூல் கோத்துக்கொண்டு அவள் நிமிர்ந்தாள்.

"பேரைச் சொல்லுங்கம்மா. எழுத்து எழுத்தாச் சொல்லுங்க."