தும்மல் வராத எண்ணெய்

என் மகன் பிறந்தது தொண்ணூறுகளின் நடுவில், மார்கழிக் குளிரில். இலங்கை மலையகத்தில், ஹாலிஎலைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் விடிந்து பார்த்தால் தேங்காயெண்ணெய் போத்தலுக்குள் வெள்ளையாக உறைந்து கிடக்கும். அடுப்போரம் வைத்து உருக்கினால்தான் பிள்ளைக்குத் தேய்க்கலாம்.

ஒட்டி ஒட்டி வரிசையாக வீடுகள் இருந்த எங்கள் லயத்தில் பிறக்கிற பிள்ளைகளை எல்லாம் கடைசி வீட்டு அக்காதான் குளிப்பாட்டுவார். காலை நீட்டி உட்கார்ந்து, அதன்மேல் பிள்ளையைக் கிடத்தி, உடம்பெல்லாம் எண்ணெய் தடவி, முடிவில் மூக்கிலும் இரண்டு சொட்டு விடுவார். பிள்ளை தும்மித் தும்மிக் கத்தும். "சளியெல்லாம் வெளிய வந்துருச்சு" என்பார். என்னையும் அப்படித்தான் வளர்த்தார்கள். எதை எதையோ நினைத்துப் பயந்த எனக்கு அதில் மட்டும் பயமில்லை.

நாத்தனார் அப்போது குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். பிள்ளை பிறந்தது தெரிந்ததும், லீவில் ஊருக்கு வந்த ஒருத்தியிடம் பேபி ஓயில் போத்தல் ஒன்றைக் கொடுத்து விட்டாள். தண்ணீர் போலத் தெளிவு, நல்ல வாசம், மேலே சிரிக்கிற பிள்ளையின் படம். எந்தக் குளிருக்கும் அது உறையவில்லை. அக்காவுக்கு அதைப் பார்த்துப் பெரிய சந்தோஷம். உடம்புக்கும் அதுதான், மூக்குக்கும் அதுதான் என்று ஆகிவிட்டது.

முதல் நாள் அதை மூக்கில் விட்டபோது பிள்ளை தும்மவில்லை. அழவுமில்லை. கண்ணை உருட்டிக்கொண்டு கிடந்தான்.

"பாத்தியா, எரிச்சலே இல்ல. வெளிநாட்டு எண்ணெய்னா சும்மாவா" என்றார் அக்கா.

"அப்போ விட்ட எண்ணெய் எங்கக்கா போகுது?"

"ஒன் மாமியா வீட்டுக்குப் போகுது. கேக்குறா பாரு கேள்வி. புள்ளைக்குன்னே செஞ்சதுடி, படம் வேற போட்டிருக்கான்."

என் வீட்டுக்காரரும் சிரித்தார். "இவ மழை பேஞ்சா மலை சரியும்பா, வெயிலடிச்சா லயம் பத்திக்கும்பா. நீங்க விடுங்கக்கா."

சிரித்துவிட்டால் அதற்கு மேல் எனக்குப் பேச வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். போத்தலில் இருந்ததெல்லாம் இங்கிலீஷ். என்னத்தைக் காட்டி வாதாடுவது? தினமும் பக்கத்தில் உட்கார்ந்து, இன்றைக்காவது தும்முகிறானா என்று பார்ப்பேன்.

போத்தல் பாதியானபோது இருமல் பிடித்தது. காய்ச்சல் இல்லை. பால் குடிக்கும்போது விட்டு விட்டு மூச்சு வாங்கினான். தோட்டத்து டிஸ்பென்சரியில் கொடுத்த மருந்து கேட்கவில்லை. பிறகு பஸ் பிடித்துப் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்கே நெஞ்சைப் படம் பிடித்துப் பார்த்த டாக்டரம்மா யாழ்ப்பாணத்துக்காரர்.

"பிள்ளைக்கு மூக்கில ஏதும் விடுறனீங்களோ?"

கையோடு கொண்டுபோயிருந்த போத்தலைக் காட்டினேன். வாங்கிப் படித்துவிட்டு மேசையில் வைத்தார்.

"இது தேங்காயில, எள்ளில இருந்து வாறதில்லையம்மா. மண்ணெண்ணெய் வாற இடத்தில இருந்து எடுத்துச் சுத்தம் செய்தது. தோலில பூசுறதுக்குப் பயப்பட வேண்டாம். மூக்கில விட்டா, பிள்ளைக்கு அந்த நேரம் இருமல் கூட வராமச் சத்தமில்லாம நெஞ்சுக்குள்ள இறங்கிடும். எந்த எண்ணெயும் மூக்கில விடக்கூடாது. இது இன்னும் மோசம். உடம்புக்கு இதைக் கரைக்கத் தெரியாது."

"எடுத்துரலாங்களா, டாக்டர்?"

"உடன எடுக்க ஏலாது. இனி விடாதேங்கோ. பாத்துக்கொண்டு இருப்பம்."

"எத்தன நாளைக்குங்க?"

"அது சொல்லேலாது."

வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் பயந்ததுதான் சரி என்று ஆனதில் எனக்கு என்ன கிடைத்தது? பிள்ளையின் நெஞ்சுக்குள் கை விட்டு வழித்தெடுக்கவா முடியும்?

மூச்சு கொஞ்சம் சீரானதும் வீட்டுக்கு அனுப்பினார்கள். இருமல் நிற்கவில்லை. அக்கா ஒருநாள் வாசல்வரை வந்து, பிள்ளை இருமுவதைக் கேட்டுவிட்டு உள்ளே வராமலே போய்விட்டார். அவரைத் திட்டவும் எனக்கு வாய் வரவில்லை.

பிரசவ லீவு முடிந்ததும், வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்தில் அவனை விட்டுவிட்டுக் கொழுந்து பறிக்கப் போனேன். மடுவம் கீழே, நாங்கள் கொழுந்து பறிக்கும் நிரை மேலே. கீழேயிருந்து இருமல் கேட்டால் கை நின்றுவிடும். அங்கே ஏழெட்டுப் பிள்ளைகள். இருமுவது என் பிள்ளையா வேறு யாருடையதா என்று அவ்வளவு தூரத்தில் பிரிக்கத் தெரியவில்லை.

"என்னா, கை வேரு புடிச்சிருச்சா?" என்று கங்காணி கத்துவார்.

கையை ஓட்டுவேன். காதை மட்டும் கீழேயே வைத்திருப்பேன். அடுத்த இருமல் வந்தாலும் பயம், வராவிட்டால் அதைவிடப் பயம்.