காற்றுக்குக் குறுக்கே

இன்று மாலை நாலரை மணிக்குத் திருவொற்றியூரில் எங்கள் தெருவெங்கும் அமோனியா நெடி பரவியது. மகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தி, ஈரத்துண்டை அவள் முகத்தில் கட்டினேன். சிறுவயதில், இப்போது துறைமுகச் சாலைக்கு அடியில் போய்விட்ட எங்கள் குப்பத்தில், உர ஆலைப் பக்கமிருந்து அந்த நெடி வந்தாலே பக்கத்து வீட்டு ரோசி அக்கா தட்டை அடித்துக்கொண்டு வீடு வீடாக ஓடுவாள்.

"ஈரத்துணிய மூஞ்சில கட்டு! கடலாண்ட ஓடாத!"

யாரும் நியமிக்காத தலைவி அவள். படகுக் கொடியில் காற்றைப் பார்த்து, அதற்குக் குறுக்கே வடக்கிலிருந்த மாதா கோயிலுக்கு எங்களை நடத்துவாள். ஆனால் ஆபத்தென்றால் மீனவர் கால் கடலுக்குத்தான் ஓடும். ஒரு காலை, கரையிலிருந்து கடலுக்குக் காற்று அடிக்கும்போது, அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு அப்படித்தான் ஓடிவிட்டாள். நெடியும் அவள் பின்னாலேயே போயிற்று. அவளைத் தேடி அக்கா திரும்பிப் போனாள். கோயில் வாசலில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தபடி நின்றேன்.

கடைசியில் அக்கா வந்தாள், தோளில் தம்பி, பின்னால் இருமிக்கொண்டே அம்மா.

"உங்கம்மா படகுல குந்திகினு இருந்தா, தள்ளத்தான் ஆளில்ல! இந்தா, தம்பியப் புடி. இன்னும் ஆளுங்க அங்க கீறாங்க."