சீவிய குளம்பு

எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் நான். அதற்குப் பிறகு எந்த ஊரிலும் சேர்ந்தாற்போல இரண்டு வருடம் இருந்ததில்லை. லாரி கிளீனர், செங்கல் சூளை, கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவுதல் என்று சுற்றிவிட்டு, பழங்காநத்தத்தில் ஒரு மளிகைக் கடை முதலாளியின் குதிரையைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வந்தேன். பந்தயத்தில் வண்டி ஓட்டுவதும் நான்தான். கொட்டகையில் படுக்கை, முதலாளி வீட்டுச் சாப்பாடு. குறையில்லை.

வெள்ளைக்காரன் காலத்தில் மதுரையில் பந்தயம் ஓடிய குதிரைகளுக்குத் தன் பாட்டன் கடையிலிருந்துதான் கொள்ளு போனது என்று முதலாளி எல்லோரிடமும் சொல்வார். அவை ஓடிய ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் இன்று குதிரை கிடையாது, பெயர் மட்டும்தான். ஆனால் இவர் கடைப் பலகையில் 'துரைமார் குதிரைகளுக்குக் கொள்ளு தந்த கடை' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. துரை குதிரை மேல் உட்கார்ந்தான், நம்மாள் ஒருவன் லத்தி அள்ளினான், இவர் பாட்டன் கொள்ளு விற்றார். இதில் மீசை முறுக்க என்ன இருக்கிறது?

அந்த வருடம் உசிலம்பட்டி சாலையில் குதிரை வண்டிப் பந்தயம். கடைக்காரர்கள் சேர்ந்து நடத்தியது. டயர்க் கடை, பேக்கரி, அரிசி ஆலை என்று வழி நெடுக பேனர்கள். ஜெயித்த குதிரை எந்தக் கடையுடையதோ அந்தப் பெயரை மைக்கில் நாள் முழுக்கச் சொல்வார்கள். முதலாளிக்கு அந்த மைக் வேண்டும்.

குதிரைகளைத் தோள் உயரம் அளந்து சின்னது, நடு, பெரியது என்று பிரித்துத்தான் ஓடவிடுவார்கள். எங்கள் செந்நிறப் பெட்டைக் குதிரை சிவலை, சின்னக் குதிரைக்கான அளவைவிட அரை விரல் கூடுதல். நடுப் பிரிவில் ஓடினால் எப்போதும் கடைசி. சின்னதில் விட்டால் அதை முந்த ஆள் கிடையாது. அதனால் முதலாளி பந்தயத்தன்று காலையிலேயே லாடம் அடிப்பவரை வரவழைத்து, லாடத்தைக் கழற்றி, உயரம் குறையும்படி குளம்பைச் சீவச் சொன்னார்.

"அண்ணே, இதுக்கு மேல சீவுனா சதைதான் வரும்" என்றார் அவர்.

"நகந்தானய்யா, வளந்துரும்."

"உங்க நகத்தை இம்புட்டு ஒட்ட வெட்டிட்டு, தார் ரோட்டுல கையூண்டி நடந்து பாருங்க."

"நான் எதுக்கு நடக்கணும்? பந்தயத்துல ஓடப்போறது நானா?"

எல்லோரும் சிரித்தார்கள். காலைத் தூக்கிப் பிடித்திருந்த நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காக என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்.

அளக்கிற இடத்தில் கமிட்டிக்காரர் அளவுகோலை வைத்துவிட்டு முதலாளியைப் பார்த்தார். "போன மாசம் நடுவுல ஓடுன குதிரைல்ல மாப்ள இது?"

"வெயில்ல வத்திப்போச்சு மாமா."

அதற்கும் சிரிப்பு. சீட்டில் 'சின்னது' என்று எழுதிக் கொடுத்துவிட்டார். பிறகு மெலிந்துபோன அந்தக் குளம்பில் மறுபடியும் லாடம் அடித்தார்கள். ஒவ்வொரு ஆணிக்கும் குதிரைக்கு உடம்பு நடுங்கியது.

"முதலாளி, காலை மாத்தி மாத்தி வைக்குது. வேணாம்."

"ஓடுற சூட்டுல மறந்துரும். நீ ஏறு."

ஏறினேன். போகும்போது எங்கள் வண்டிதான் முன்னால். பாதி வழியில் நட்டிருந்த கொடிக்கம்பத்தைச் சுற்றித் திரும்பினோம். இரண்டு பக்கமும் பைக்குகள், ஹாரன், விசில். திரும்பிய கொஞ்ச தூரத்தில், இடது முன்கால் தரையில் படும்போதெல்லாம் குதிரை தலையைத் தூக்கி எறிய ஆரம்பித்தது. அப்போதும் வேகம் குறையவில்லை. குறைக்கவேண்டும் என்று அதற்குத் தெரியவில்லை. முதலாளி ஒரு பைக்கின் பின்னால் உட்கார்ந்து, "அடிடா! அடிடா!" என்று கத்திக்கொண்டே வந்தார். மைக்கில் கடையின் பெயரைச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

கடிவாளத்தை இழுத்து நிறுத்தினேன். டயர்க் கடை வண்டி எங்களைத் தாண்டிப் போனது.

முதலாளி இறங்கி வந்து கன்னத்தில் அறைந்தார். "யாரு குதிரையை யாருடா நிறுத்துறது?"

"கால் போச்சு முதலாளி." குளம்பைத் தூக்கிக் காட்டினேன். ஆணி ஓரத்தில் ரத்தம்.

"இன்னும் ஒரு பர்லாங்குதானடா இருந்துச்சு!"

ஒரு பர்லாங்கு, இருநூறு மீட்டர். அந்த வார்த்தையை நான் இன்னும் மன்னிக்கவில்லை. சாட்டையை அவர் காலடியில் எறிந்துவிட்டு, குதிரையை அவிழ்த்து மண் பாதையில் இறக்கினேன். அன்றோடு வேலை போனது. வேலை போவது எனக்குப் புதிதில்லை. ஆனால் அடுத்த வாரம் கொட்டகைக்குப் போனபோது குதிரை இல்லை. யாருக்கோ கொடுத்துவிட்டார்களாம். "அது நடந்துதான் போச்சா?" என்று கேட்டேன். கடையில் இருந்தவர்கள் எடை போடத் திரும்பிக்கொண்டார்கள்.

அதன் பிறகு நடந்த பந்தயங்களுக்கெல்லாம் போய் அளக்கும் இடத்தில் நின்றேன். சிவலை வரவில்லை. ஆனால் ஒட்டச் சீவிய குளம்போடு சாம்பல் நிறத்தில் வேறொரு குதிரை வந்தது. கோலைப் பிடித்திருந்தவரிடம் குனிந்து காலைப் பாருங்கள் என்றேன். அவர் குனியவில்லை.

"நீ யாருய்யா? ஒனக்குக் குதிரை இருக்கா?"

"இல்லை."

"பெறகென்ன, அங்கிட்டுப் போ."

நான் போகவில்லை. இரண்டு பேர் தூக்கிக் கொண்டுபோய்த்தான் வெளியே விட்டார்கள்.