அண்ணிக்கும் நாத்தனாருக்கும் ஒரே மைக்

அவளுக்குச் ‘சுடுதண்ணி’ என்று பெயர் வைத்தது, பார்சல் கிடங்கில் அவளோடு வேலை பார்க்கும் டிரைவர்கள்தான். காலில் சுடுதண்ணியைக் கொட்டிக்கொண்டவள் மாதிரி எப்போதும் பறப்பாள். சிக்னலில் வேன் நின்றால் ஸ்டியரிங்கில் விரல் தாளம் போடும். தாளத்துக்கு வாய் தானாக வரி கட்டும். தையல், ஓட்டல் வரவேற்பு, டிக்கெட் கவுண்டர் என்று போன இடத்திலெல்லாம் உட்கார முடியாமல் எழுந்து வந்தவள். வேன் ஓடிக்கொண்டே இருந்ததால் அந்த வேலை மட்டும் நிலைத்தது.

அதேபோல் நிலைத்த இன்னொன்று ராப். செல்போன் பழுது பார்க்கும் ‘டப்பா’ என்பவன், தன் கடையின் பின்னறையில் ஒரு மைக்கும் பழைய கம்ப்யூட்டரும் வைத்து பீட் செய்துவந்தான். இருவரும் சேர்ந்து ஒரு ஆல்பம் தொடங்கியிருந்தார்கள். இன்று முடித்த பாட்டு நாளைக்கு அவளுக்குக் கசந்துவிடும்.

“எங்கேயோ கேட்ட மாதிரியே இருக்குடா. அழிச்சிடு.”

“அழிச்சு அழிச்சு கம்ப்யூட்டருக்கே தோல் உரிஞ்சிடுச்சுக்கா.”

அந்தச் சமயத்தில்தான் நாத்தனார் வந்து சேர்ந்தாள். கணவனை விட்டுப் பிரிந்து தனியாக இருந்தவள். வீட்டுக்கூரை ஒழுகவே, சரிசெய்யும் வரைக்கும் அண்ணன் வீட்டில் தங்க வந்தாள். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை. ஈரப் போர்வையை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து உதறும்போது, எதிரெதிரே நிற்கும் பெண்கள் ஒருவரையொருவர் கேலி செய்து ஏசல் பாடுவார்கள். மெட்டு அவர்கள் அம்மாக்கள் காலத்தது. வரி மட்டும் அன்றன்றைக்குச் சுடச்சுட. பதில் சொல்ல வராமல் வாயடைத்தவள் தோற்றவள்.

வந்த வாரமே, சமையலறையில் நின்று சுவரைப் பார்த்துப் பாடினாள்:

“ஓடியோடி வர்றாளாம்
ஊரெல்லாம் சுத்துறாளாம்
மூடிவச்ச சட்டியில
முந்தாநாளு கறை கிடக்கு.”

சுடுதண்ணிக்குச் சுருக்கென்றது. செருப்பைக்கூடக் கழற்றாமல், வாசலில் நின்றபடியே எட்டு வரி ராப்பில் திருப்பிக் கொடுத்தாள். நாத்தனார் அசரவில்லை, அதே தாளத்தைப் பிடித்துக்கொண்டு அடுத்த அடி வைத்தாள். ஃபிரிட்ஜ் மெக்கானிக்கான கணவன், யார் பக்கம் சிரிப்பது என்று தெரியாமல் மாடிக்குப் போய்விட்டான்.

மறுநாளே நாத்தனாரை டப்பாவின் பின்னறைக்கு இழுத்துப் போனாள்.

ஹெட்போனை மாட்டிய உடனே கழற்றி வைத்தாள் நாத்தனார். “காதுல டிக் டிக்னு ஒண்ணு குத்துது. நான் பாடணுமா, அது பாடணுமா?”

டப்பா தலையைச் சொறிந்துவிட்டு, முதலில் அவள் குரலைப் பதிவு செய்தான். பிறகு அதன் இழுவைக்கும் நிறுத்தத்துக்கும் ஏற்ப பீட்டை வளைத்தான். இன்னொரு சிக்கலும் இருந்தது. உண்மையாகக் கோபம் வந்தால் ஒழிய நாத்தனாருக்குப் பாட்டு வராது. அதனால் சுடுதண்ணி வேண்டுமென்றே அவள் சீப்பை ஒளித்து வைத்தாள், ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டாள். பாட்டு பாட்டாக வந்து விழுந்தது. ஆனால், அடுத்தது இன்னும் காரமாக வேண்டும் என்ற பரபரப்பு சுடுதண்ணியைத் தூங்கவிடவில்லை.

ஒருநாள் மைக் முன்னால் சுடுதண்ணியின் வாயில் அந்த வரி வந்தது.

“வாழப்போன வீட்டையே வேணாம்னு விட்டவ
என் வீட்டுச் சட்டிக்குச் சட்டம் போட வந்துட்டா.”

நாத்தனார் பாடவில்லை. பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். அன்று சலவைக்கூடத் தோழி வீட்டிலேயே தங்கிவிட்டாள்.

“இதுதான்க்கா நம்ம பெஸ்ட் டேக்,” என்றான் டப்பா, மெதுவாக.

அது அவளுக்கும் தெரிந்ததுதான் சங்கடம். இரண்டு நாள் வேனை ஓட்டினாளே தவிர மனம் எங்கேயோ இருந்தது. பல் டாக்டருக்கு வந்த பெட்டியைப் பூக்கடையில் இறக்கிவிட்டுத் திரும்பிப் போய் வாங்கினாள். போனை எடுப்பாள், அந்த வரியைக் கேட்பாள், நல்லாத்தான் இருக்கு என்று நினைப்பாள், அப்படி நினைத்ததற்காகத் தன்னையே திட்டிக்கொள்வாள்.

கணவன் ஒன்றுதான் சொன்னான். “அவ ஏன் அந்த வீட்டை விட்டு வந்தான்னு உனக்குத் தெரியும். தெரிஞ்சே பாடிட்ட.”

மூன்றாம் நாள் வேனைச் சலவைக்கூடத்தின் பின்வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போனாள். நீராவிக்கு நடுவே நாத்தனார் போர்வை மடித்துக்கொண்டிருந்தாள்.

“அந்த வரியை எடுத்துடுறேன்மா.”

“எதுக்கு எடுக்கணும்?”

“உனக்கு வலிச்சுதுல்ல.”

“வலிச்சுது. அதுக்காக என்னைத் தோத்தவளா விட்டுட்டுப் போறீங்களா அண்ணி? ஏசல்ல அடிச்சா, திருப்பி வாங்கிட்டுத்தான் போகணும். சாயந்திரம் மைக்கை வைக்கச் சொல்லுங்க.”

அன்று மாலை நாத்தனார் பாடியதில் கோபமே இல்லை. குரல் தாழ்ந்து நிதானமாக வந்தது.

“விட்டுவந்தேன் வாசலத்தான்
விடிஞ்சிருச்சு எம்பொழுது
நின்னுபோனா நிழலு வந்து
நியாயம் கேக்கும் பயத்துல
நிக்காம ஓடுறாளே
எங்கண்ணி எதுக்குன்னு
அவளுக்கே தெரியலையே.”

பீட் ஓடிக்கொண்டிருந்தது. அது சுடுதண்ணியின் முறை. வாயைத் திறந்தாள்; மூடினாள். வேனும் வெயிலுமாகத் திரிந்த இத்தனை வருடத்தில் முதல் தடவையாக வாயில் வரியே இல்லை. ஸ்டூலில் போய் உட்கார்ந்தாள். டப்பா நிறுத்தப் போனபோது, வேண்டாம் என்று கையை மட்டும் அசைத்தாள். வெறும் தாளம் பாட்டு முடியும்வரை ஓடிற்று.

அப்படியேதான் ஆல்பம் வெளிவந்தது. கடைசிப் பாட்டில் குரல் காணவில்லை, ஃபைல் கெட்டுப்போயிருக்கிறது என்று நிறையப் பேர் புகார் எழுதினார்கள். சலவைக்கூடத்துப் பெண்களுக்கு மட்டும் அது விளங்கிவிட்டது. “உங்க அண்ணி தோத்துட்டாங்க போல,” என்று அவர்கள் சிரிக்க, “தோல்வியை ஒத்துக்கவும் தெம்பு வேணும்டி,” என்றாள் நாத்தனார்.

கூரை சரியாகி அவள் தன் வீட்டுக்குப் போய்விட்டாள். போன மாதம் ஒரு பெரிய இசை நிறுவனம் சுடுதண்ணியைக் கூப்பிட்டது: உங்கள் ராப் மட்டும் போதும், அந்த நாட்டுப்புறக் குரலுக்கு வேறு நல்ல பாடகி இருக்கிறார் என்றார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்தவள், நேரே நாத்தனாருக்குப் போன் போட்டாள்.

“போங்களேன். நானா தடுத்தேன்?” என்றாள் அவள்.

“நீ தடுத்தா நல்லா இருக்கும்னுதான் போட்டேன்.”

மறுமுனையில் சலவை இயந்திரம் சுற்றும் சத்தம் மட்டும். நிறுவனத்துக்குச் சுடுதண்ணி இன்னும் பதில் சொல்லவில்லை. தினமும் வேனில் ஏறும்போது சரி என்று சொல்லிவிடத் தோன்றுகிறது. இறங்கும்போது வேண்டாம் என்று தோன்றுகிறது.