நாற்பது தலை

மூன்று வருடத்தில் ஒரு பெண் நான்கு விரற்கடை உயரம் வளர்ந்திருந்தாள். ஐம்பதை நெருங்குகிறவள். கணினியில் அந்த இரண்டு எண்களையும் பார்த்த என் உதவியாளர், அளவெடுத்ததில் பிழை என்று குறித்துவிட்டு அடுத்த வரிக்குப் போயிருந்தார். நானும் போயிருப்பேன். அன்று ஞாயிற்றுக்கிழமை. துறையில் ஈ காக்கை இல்லை. வீட்டுக்குப் போனாலும் பேச ஆள் கிடையாது. அதனால்தான் அந்த வரியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

தஞ்சாவூரில் கிராமச் சுகாதார ஆராய்ச்சி செய்து சம்பளம் வாங்குகிறவள் நான். இருபது வருடமாகிறது. மாடி போர்ஷன் ஒன்றில் தனியாக இருக்கிறேன். கிராமத்துக்குப் போனால் டாக்டரம்மா என்பார்கள். ஊசி போடத் தெரியாது, முனைவர் பட்டம் மட்டும்தான் என்று எத்தனை தரம் சொன்னாலும் கேட்க மாட்டார்கள். துறைக்கு வந்தால் நான் வயக்காட்டு ஆள். இரண்டு இடத்திலும் நாற்காலி போடுவார்கள், பக்கத்தில் வந்து உட்கார மாட்டார்கள். பழகிவிட்டது என்று சொன்னால் அது பொய்.

ஆய்வு, நடவுப் பெண்களின் சிறுநீரகத்தைப் பற்றியது. நாள் முழுக்க வெயிலில் குனிந்து நடுகிறார்கள். ஒதுங்க மறைவில்லை என்பதால் தாகம் எடுத்தாலும் தண்ணீர் குடிப்பதில்லை. கூத்தாநல்லூருக்குத் தெற்கே ஓர் ஊரில் நடவுக் குழுவின் தலைவியிடம் நாற்பது பேர் வேண்டும் என்று கேட்டேன். பெயர் எழுதி, ஒப்புதல் மட்டும் வாங்கிக்கொண்டு, ஒரு வாரம் கழித்து ஒரே காலையில் உயரம் எடை அளவும் எடுத்தோம், ரத்தமும் எடுத்தோம். நாற்பது பேரும் வந்தார்கள். முடிவு நன்றாக இருந்தவர்களுக்கு, நன்றாக இருக்கிறது என்று ஆளுக்கொரு கடிதம் கொடுத்தோம். ஒருவர்கூட விடுபடாத ஆய்வு என்று கட்டுரையில் பெருமை அடித்துக்கொண்டேன். பதவி உயர்வுக்கு அந்தக் கட்டுரையைத்தான் மேலே வைத்திருந்தேன்.

இப்போது இரண்டாம் சுற்று. வளர்ந்த அந்தப் பெண் உயரம் எடை மட்டும் பார்த்துக்கொண்டு, ரத்தம் வேண்டாம், போன தடவையே நல்லாருக்குன்னு எழுதிக் கொடுத்துட்டீங்களே என்று போய்விட்டதாகக் குறிப்பு சொன்னது.

திங்கட்கிழமை பஸ் பிடித்துப் போனேன். தலைவி வரப்பில் நாற்று முடிகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டாள்.

"நாப்பது தலை வேணும்னீங்க. நாப்பது தலை வந்துச்சா, இல்லையா?"

நடவில் அதுதான் வழக்கம். ஒத்துக்கொண்ட தலை குறையக் கூடாது. ஒருத்திக்கு முடியவில்லை என்றால் அதே வீட்டிலிருந்து இன்னொருத்தி அவள் இடத்தில் இறங்குவாள். ரத்தம் எடுத்த அன்றும் அப்படியே செய்திருக்கிறார்கள். பெயர் கூப்பிட்டதும் வந்து உட்கார்ந்து, கேட்ட புருஷன் பெயரைச் சரியாகச் சொல்லி, கை நீட்டியிருக்கிறார்கள். என் பெயர் கெட்டுவிடக் கூடாதே என்றுதான். எத்தனை பேர் என்று கேட்டேன். விரல் மடக்கி எண்ணிவிட்டு ஏழு என்றாள்.

அவள்மேல் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? என் அம்மா நடவுக்குப் போனவள். ஒரு விடுமுறையில் அவளுக்குக் காய்ச்சல் என்று நானே அவள் இடத்தில் இறங்கி நட்டிருக்கிறேன். யாரும் என் பெயரைக் கேட்கவில்லை. அதெல்லாம் தெரிந்தும், அறிவுகெட்டவள், அடையாள அட்டையைப் பார்க்க வேண்டும் என்று ஆய்வு விதிகளில் எழுதாமல் விட்டேன். அதைவிட மோசம் வேறொன்று. அன்று உடம்பு முடியாதவள் வீட்டில் படுத்திருந்தாள், முடிந்தவள் அவள் பெயரில் ரத்தம் கொடுத்தாள். நான் யாரைத் தேடிப் போனேனோ அவளைத்தான் தவறவிட்டேன்.

ஏழு பேரில் ஆறு பேர் அந்த வாரமே வந்து ரத்தம் கொடுத்தார்கள். பெரிதாக எதுவும் இல்லை. ஏழாமவள் அந்த உயரக்காரி. அவளுக்குப் பதிலாக வந்தவள் அவள் கொழுந்தன் மனைவி. வீட்டுக்குப் போனபோது என் கண் நேராக அவள் கால்களுக்குத்தான் போயிற்று. இரண்டும் வீங்கியிருந்தன. விரலால் அழுத்தினால் குழி அப்படியே நின்றது. நடந்ததைச் சொல்லி, இன்றே ரத்தம் பார்க்க வேண்டும் என்றேன். அவள் உள்ளே போய், பாலிதீன் பையில் ரேஷன் கார்டோடு வைத்திருந்த எங்கள் கடிதத்தை எடுத்து வந்தாள்.

"காலு வீங்குனப்பல்லாம் இந்தக் காயிதத்த நம்பித்தாங்க உக்காந்திருந்தேன். இப்ப இன்னொரு காயிதம் தர்றேங்கிறீங்களா?"

கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். இரண்டாம் தடவை போனபோது கதவைத் திறக்கவில்லை.

துறையில் சொன்னேன். கட்டுரையின் குறைபாடுகள் பகுதியில் ஒரு வரி சேர்த்தால் போதும், எதற்கு ஊரைக் கூட்டுகிறீர்கள் என்று துறைத் தலைவர் நிதானமாகவே கேட்டார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்த ஒரு வரிக்குக் கால் வீங்கியிருக்கிறது என்று கத்திவிட்டேன். இதழுக்கு எழுதிக் கட்டுரையைத் திரும்பப் பெற்றேன். அதில் பெயர் இருந்த மற்ற மூவரும் அதற்குப் பிறகு என்னோடு டீ குடிக்க வருவதில்லை. அவர்கள் உழைப்பும் போயிற்று, என்ன சொல்ல முடியும்? பதவி உயர்வுக் கோப்பு மூடிக்கொண்டது. அது போகட்டும். ராத்திரி சாப்பிட உட்கார்ந்தால் அந்த வீங்கின கால்கள்தான் கண்ணில் நின்றன.

மூன்றாம் தடவை ஊசி, குப்பி எதுவும் எடுத்துப்போகவில்லை. கொழுந்தன் மனைவிதான் கதவைத் திறந்தாள். உள்ளே திரும்பி உயரக்காரியிடம் பேசியதும் அவள்தான்.

"ஒன் பேர்ல கைய நீட்டுனது நாந்தானக்கா. நீ வரலேன்னா எனக்குச் சோறு எறங்காது."

மறுநாள் காலை இருவரும் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். நான் வாசலிலேயே காத்திருந்து கூட்டிப்போனேன். சிறுநீரகம் பாதிக்கு மேல் போய்விட்டது, மீதியை மாத்திரையால் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார் டாக்டர். மூன்று வருடத்துக்கு முன்னால் வந்திருந்தால் என்று தொடங்கியவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். சில நாள் உள்ளே தங்க வேண்டும் என்று சீட்டு எழுதினார்.

வார்டில் நர்ஸ் நோட்டை விரித்து, கூட இருப்பது யார் என்று கேட்டாள். உயரக்காரி கொழுந்தன் மனைவியைக் காட்டி, என் தங்கச்சி என்றாள். நர்ஸ் பேனாவால் என்னைக் காட்டி, அப்ப இவங்க என்றாள். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்த முகத்தில் கோபம்கூட இல்லை.

"இவங்க ரத்தம் எடுக்க வர்றவங்க."

கூட ஒருத்தர்தான் இருக்கலாம் என்று சொல்லி நர்ஸ் என்னை வெளியே போகச் சொன்னாள்.