பிணத்துக்குக் காவல் நின்றவர்

பாஸ்போர்ட் விசாரணைக்காகத் தக்கலையில் எங்கள் வீட்டுக்கு வந்த ஏட்டு, நாற்காலியில் உட்கார்ந்ததும் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்து, பூனையைத் தடவுவதுபோலத் தடவிக்கொண்டே இருந்தார். நரைத்த மீசை, வெயிலில் கறுத்த கழுத்து. கல்லூரியில் படித்தபோது பஸ் மறியலில் உட்கார்ந்ததற்கு என் பெயரை ஸ்டேஷனில் எழுதியிருந்தார்கள். அது இப்போது கிளம்பினால் துபாய் வேலை போய்விடும்.

அவரோ நான் பாதியில் நிறுத்தியிருந்த டிவியைப் பார்த்தார். திரையில் கிணற்றடியில் ஒரு பிணம் கிடந்தது.

"கொலைப் படமா மக்கா?"

"ஆமா சார். நல்லா இருக்கு. நீங்க பாக்க மாட்டீங்களா?"

"எனக்குப் பிடிக்காது. பொணம் கெடந்தா, ஆம்புலன்ஸ் வாறது வரைக்கும் ஒரு போலீஸ்காரன் பக்கத்துலயே நிக்கணும். ஈ ஓட்டணும், நாயை வெரட்டணும். பேச்சிப்பாறையில ஒரு பகல் முழுக்க நின்னேன். அப்பிடி நிக்கவனை எந்தப் படத்துலயாவது காட்டுகானா? பழைய ராஜா காலத்துப் படம்னா எனக்கு உசுரு. சண்டையில ஆயிரம் பேரு சாவுகான், ஒருத்தனுக்கும் ரிப்போர்ட்டு எழுதாண்டாம்."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார்.

"ஒன் பேருல ஒண்ணும் கெடையாது. நல்லபடியா போயிட்டு வா."

அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது.

இங்கே துபாயில் அறை நண்பர்கள் கொலைப் படம் போட்டால், கொன்றது யார் என்று தேடுவார்கள். நான் பிணத்துக்குப் பக்கத்தில் யாராவது நிற்கிறார்களா என்று பார்ப்பேன். இதுவரை ஒருவரையும் காணவில்லை.